சிறுவர் சந்தையில் பேரம் பேசுவது யார்?

கடந்த தவணை முடிவில், எமது மத்ரஸாவுக்கு அருகிலுள்ள பாடசாலையில் ஆரம்பப் பிரிவு மாணவர்களின் சிறுவர் சந்தை நடைபெற்றது. எம்மிடம் ஓதும் பிள்ளைகள் பலர் அங்கேதான் பயில்கின்றனர். அதனால் எமக்கும் அழைப்பு வந்திருந்தது. தென்னோலை வேய்ந்த சிறு கொட்டில்கள், முருங்கைக்காய், பொன்னாங்காணிக் கட்டு, தேசிக்காய், மரவள்ளிக் கிழங்கு, சின்னக் குவளைகளில் வட்டிலப்பம், சாரமும் தொப்பியும் அணிந்த குட்டி முதலாளிமார் என்று பார்க்கவே மனம் குளிர்ந்தது. நாட்டின் பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளில் நடைபெறும் நிகழ்வுதான் இது. எனினும், தான் ஓதிக் கொடுத்த பிள்ளை தராசின் முன் நிற்பதைக் காண்பது ஓர் ஆசிரியனுக்குத் தனி மகிழ்ச்சி.

தரம் நான்கில் பயிலும் ஒரு மகனிடம் அரைக் கிலோ தக்காளி வாங்கினோம். பைகளில் ஏற்கெனவே நிறுத்துக் கட்டி வைத்திருந்தான். ஒரு பை 150 ரூபா. வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்தபோது மேலே நான்கு நல்ல பழங்களும் அடியில் அழுகிய இரண்டும் இருந்தன. மறுநாள் மத்ரஸாவில், மற்றப் பிள்ளைகள் சென்ற பின்னர், அவனைத் தனியே அழைத்து விசாரித்தோம். தயக்கமே இல்லாமல் விடை வந்தது: "உம்மாதான் அப்படி அடுக்கித் தந்தா, மௌலவி."

அவன் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. அது பிழை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எம்மை வருத்தியது அதுதான். அந்த மகனுடன் நாம் மேற்கொண்டு பேசியதைப் பின்னர் கூறுகிறோம்.

அதே சந்தையில் அதிக விற்பனை செய்த பிள்ளைக்குப் பரிசு வழங்கப்பட்டது. தரம் ஐந்து மாணவி ஒருத்தி 4,850 ரூபாவுக்கு விற்றிருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் அவளிடம், "மகள், முதல் எவ்வளவு?" என்று கேட்டோம். "வாப்பா வாங்கித் தந்தார்" என்றாள். அருகில் நின்ற தந்தை சிரித்துக்கொண்டே, எல்லாமாக ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் முடிந்தது என்றார். ஆக, அறுநூறு ரூபாவுக்கு மேல் நட்டம் அடைந்த வியாபாரத்திற்குத்தான் அன்று வெற்றிக் கிண்ணம் கிடைத்தது. அதன் பின்னர் எம் மாணவர்கள் பத்துப் பேரிடமாவது, இலாபம் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தோம். இருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் கையில் சேர்ந்த மொத்தப் பணத்தையே இலாபம் என்றனர். ஆசிரியைகளைக் குறை கூற நாம் வரவில்லை. முப்பது பிள்ளைகளையும் அறுபது பெற்றோரையும் ஒரே முற்றத்தில் சமாளிப்பது எளிதன்று. ஆயினும், அந்த முற்றத்தில் பொருளைத் தெரிவு செய்தவர் தந்தை, விலை குறித்தவர் தாய், வாங்க வந்தவரோடு கதைத்தவர் மாமி. பிள்ளை செய்ததெல்லாம் பையை நீட்டிப் பணத்தை வாங்கியது மட்டுமே.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓதும் காலத்தில் எம் உஸ்தாத் விளக்கிய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது.

சூரா அந்நிஸாவின் ஆறாவது வசனம் அநாதைகளின் பொறுப்பாளர்களை நோக்கிப் பேசுகிறது. திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர்களிடம் பொருளை நிர்வகிக்கும் பக்குவம் தென்பட்டால் அவர்களது சொத்தை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு முந்திய வசனம், விவரமற்றோர் கையில் பொருளைக் கொடுத்துவிட வேண்டாம் என எச்சரிக்கின்றது. அப்பொருளை அல்லாஹ் நமக்கு வாழ்வின் ஆதாரமாக ஆக்கியிருப்பதையும் அங்கேயே நினைவூட்டுகின்றது. பணம் அற்பமானது, அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாகாது என்று கருதும் பெற்றோர் இந்த இரு வசனங்களையும் சற்று நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும்.

சரி, சோதிப்பது எப்படி? எமது மத்ஹபின் பெருநூல்களில் ஒன்றான மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) இதற்குத் தரும் விளக்கம் மிக அழகானது. ஹிஜ்ரி 676 இல் வபாத்தான அவர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சோதனை எனக் கூறவில்லை. வியாபாரியின் மகனை வாங்கல் விற்றலாலும் அவற்றில் பேரம் பேசுவதாலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனைப் பயிர்ச் செய்கையாலும், அதில் வேலை செய்வோருக்குச் செலவிடுவதாலும் சோதிக்க வேண்டும். தொழிலாளியின் மகனுக்கு அவனது தொழில். பெண் பிள்ளைக்கு நூல், பருத்தி தொடர்பானவற்றோடு, உணவைப் பூனையிடமிருந்து காத்து வைப்பதும் சோதனை! (பூனையைப் பற்றிய இந்த இடம் வரும்போதெல்லாம் எம் வகுப்பில் சிரிப்பொலி எழும். ஆனால் சமையலறைப் பொருள் வீணாகாமல் காப்பதும் செல்வ நிர்வாகம் என்பதை அந்த ஒரு சொல்லில் இமாம் வைத்துவிட்டார்கள்.) சோதனை ஒரு தடவையோடு முடியாது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நிகழ வேண்டும். அதன் காலம் பருவமடைவதற்கு முன்னர்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழும். ஷாஃபிஈ மத்ஹபில் பருவமடையாத பிள்ளை செய்யும் விற்பனை ஒப்பந்தம் செல்லாது. ஹனஃபி மத்ஹபில், விவரமறிந்த பிள்ளை பொறுப்பாளரின் அனுமதியுடன் செய்தால் செல்லும். அப்படியானால் ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளையைப் பருவமடைய முன் எப்படிச் சோதிப்பது? இமாமவர்கள் தரும் தீர்வு: பேரத்தைப் பிள்ளை பேசட்டும், ஒப்பந்தம் என்ற கட்டம் வரும்போது பொறுப்பாளர் அதை முடித்து வைக்கட்டும்.

இனி, எமது சிறுவர் சந்தைக்குத் திரும்புவோம். அங்கே பேரம் பேசியவர் பெற்றோர். ஒப்பந்தத்தை முடித்தது பிள்ளை! எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இமாம் நவவீ வகுத்த ஒழுங்கை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பொருளின் தரத்தை மதிப்பிடுவது, விலையைக் கணிப்பது, எதிரே நிற்பவரின் சொல்லுக்குச் சொல் கொடுப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது எனத் தீர்மானிப்பது ஆகிய அனைத்தும் பேரத்தினுள்ளே அடங்கும். அறிவு வளரும் இடம் அது. அதைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது புகைப்படம் ஒன்றே.

நாம் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஓதிய ஒரு மாணவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த வேளையில் அவனது தந்தை திடீரென வபாத்தானார். நகரில் பெயர் சொல்லும்படியான பலசரக்குக் கடை. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு. மகன் ஒரு நாளாவது கல்லாவில் அமர்ந்தவனல்லன். "படிக்கிற பிள்ளைக்குக் கடை எதற்கு" என்பது தந்தையின் எண்ணம். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்பது முழுவதும் அந்த மனிதரின் நினைவிலேயே இருந்தது. அவர் கண்மூடிய பின்னர், பணம் வர வேண்டியோர் வீடு தேடி வந்தனர். பணம் தர வேண்டியோர் ஒருவரும் வரவில்லை. அந்தப் பத்தொன்பது வயது இளைஞன் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தான். தெரியாத சரக்கில் முதலைப் போட்டான். அடைக்க வழியின்றி வட்டிக்கும் எடுத்தான். பதினான்கு மாதங்களில் கடை மூடப்பட்டது. அதில் அவனுடைய பங்கு மட்டுமா போனது? இரண்டு சகோதரிகளின் வாரிசுப் பங்கும், தாயின் பங்கும் சேர்ந்தே போயின.

இதில் எமக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கட்டத்தில் அத்தந்தைக்கே மனம் மாறி, சனிக்கிழமைக் காலை ஓதலிலிருந்து மகனை விடுவிக்க முடியுமா, கடையில் சற்று அமர்த்திப் பழக்கலாம் என்று எம்மிடம் கேட்டார். மத்ரஸா நேரத்தில் கடையா என்று நாம் மறுத்துவிட்டோம். வேறு ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் இன்றும் எம் நினைவில் வந்து போகின்றன.

நாம் வியாபாரச் சமூகம் என்று மேடைகளில் பெருமையாகக் கூறிக்கொள்கிறோம். நபி (ஸல்) அவர்கள் சிறு வயதிலேயே பெரிய தந்தை அபூதாலிபுடன் ஷாம் தேசத்திற்கு வியாபாரக் குழுவில் சென்றதையும், இருபத்தைந்து வயதில் கதீஜா (ரழி) அவர்களின் சரக்கைப் பொறுப்பேற்றதையும் மீலாத் உரைகளில் சொல்லாதவர் இல்லை. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) சந்தைக்கு வழி கேட்டதையும் சொல்வோம். ஆனால் அதிகம் சொல்லப்படாத ஒரு நிகழ்வு உண்டு. முஅத்தா போரில் ஷஹீதான ஜஃபர் (ரழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ், சிறுவர்களோடு சிறுவராக ஏதோ விற்றுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த நபியவர்கள், அவரது வியாபாரத்தில் பரக்கத் செய்யுமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். அபூ யஃலா, தபரானீ ஆகியோரின் தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. இவ்விளையாட்டு எதற்கு என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் நின்று விற்றும் கொடுக்கவில்லை. துஆச் செய்துவிட்டுக் கடந்து சென்றார்கள்.

சிறு வயதிலேயே பணத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளைக்குப் பேராசை வந்துவிடும் என ஒரு சகோதரி எம்மிடம் வாதிட்டார். அந்த அச்சத்தை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் பணம் ஏற்கெனவே பிள்ளையின் கண்முன்தான் இருக்கின்றது. 2022 இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நம்மோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இவர்கள். வீட்டில் நகை அடகுக்குப் போவதையும், வாரக் கடன் வசூலிப்போர் கதவைத் தட்டும்போது உம்மா பின்பக்கம் செல்வதையும் இவர்கள் பார்த்தே வளர்கின்றனர். பார்க்கின்றனர், விளக்கம் மட்டும் கிடைப்பதில்லை. இன்னொரு சகோதரர், இது சிறுவரை வேலைக்கு அனுப்புவது ஆகாதா என்றார். வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளையின் படிப்பைப் பறிப்பது வேறு. விடுமுறையில் வீட்டு வாசலில் பெற்றோர் பார்வையில் பழகுவது வேறு. அதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமது கிழக்கு மாகாண ஊர்களில் திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. இதன் சரி பிழை வேறு விடயம். இங்கு அதற்குள் நாம் செல்லவில்லை. உறுதி மகளின் பெயரில் இருக்கும். ஆனால் உறுதி என்றால் என்ன, ஈடு என்றால் என்ன, பிணை நிற்பது என்றால் என்ன என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கணவரோ சகோதரரோ காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பின்னர் வங்கியின் கடிதம் வந்த நாளில் உண்மையை அறிந்த தாய்மார்கள் எம்மிடம் வந்து அழுதிருக்கின்றனர். மஹரும் வாரிசுப் பங்கும் அவளுடைய தனிச் சொத்து என்று மார்க்கம் சொல்லிவிட்டது. அதைக் காக்கும் அறிவைக் கொடுப்பது யார் பொறுப்பு? சந்தையில் ஆண் பிள்ளைக்குத் தராசும் பெண் பிள்ளைக்கு அலங்கார வேலையும் பிரித்துக் கொடுக்கும்போது இந்தத் தாய்மாரின் முகங்கள்தாம் எமக்குத் தெரிகின்றன.

எமது வீட்டில் சென்ற விடுமுறையில் ஒரு முயற்சி செய்தோம். பன்னிரண்டு வயது மகனுக்கும் பத்து வயது மகளுக்கும் தலைக்கு 500 ரூபா கடனாகக் கொடுத்தோம்; அன்பளிப்பாக அன்று. பாடசாலை திறக்கும் நாளுக்கு முன் திருப்பித் தர வேண்டும். ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பியும் வாங்கிக் கொடுத்தோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதையும், சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பலாகாது என அது கூறுவதையும் எடுத்துச் சொல்லி, எம் கடனையே முதற் பக்கத்தில் எழுதச் செய்தோம். பேரத்தை அவர்கள் பேசினர். முடிவில் நாமோ எம் துணைவியாரோ "கொடுத்தோம்" என்று சொன்னோம். வாங்க வந்த அயலவர் சிரித்தனர். சிரிக்கட்டும்.

மகன் பட்டம் கட்டி விற்றான். 340 ரூபா இலாபம் என்று துள்ளினான். நூலும் பசையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டோம். உம்மாவின் பெட்டியிலிருந்து! அவற்றின் விலையைக் கழித்தபோது 210 ஆகியது. முகம் சுருங்கிவிட்டது, ஆனால் அன்று அவன் கற்ற கணக்கு எந்தப் பாடநூலிலிருந்தும் ஏறியிருக்காது. மகள் கொய்யாப்பழம் வாங்கி, வெட்டி, உப்புத்தூள் தூவி விற்றாள். முதலிரு நாட்கள் நன்றாகவே போயின. மூன்றாம் நாள் மழை. வாங்க எவரும் வரவில்லை. பழம் கனிந்து போயிற்று. அதற்கு மேல் தோழி ஒருத்தி 60 ரூபாவுக்குக் கடனாக உண்டிருந்தாள். கேட்கப் போன மகள் அழுதுகொண்டு திரும்பினாள். தோழியிடம் பணம் இல்லையாம், அவளுடைய வாப்பாவுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லையாம்.

எம் துணைவியார் தம் பணத்திலிருந்து அறுபதை எடுத்துக் கொடுக்கப் போனார். கஷ்டத்துடன் தடுத்தோம். பின்னர் மகளிடம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது எனவும் அல்லாஹ் கூறுவதை விளக்கினோம். முடிவு உன்னுடையது என்றோம். ஒரு நாள் முழுதும் யோசித்தாள். கொப்பியில் அந்த வரியைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் "ஸதகா" என்று எழுதினாள். விடுமுறை முடிவில் அவளிடம் மிஞ்சியது 420 ரூபா. மீதி எண்பதை அவள் தன் பெருநாள் பணத்திலிருந்து எமக்குத் தந்தபோது, வாங்க எமக்குக் கை எழவில்லை. ஆயினும் வாங்கிக்கொண்டோம்.

அந்த எண்பது ரூபாவுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. சிறுவர் சந்தைகளின் வாயிலில் சில வங்கிகள் மேசை போட்டு, உண்டியலும் புத்தகப் பையும் அன்பளிப்பாக வழங்கிச் சேமிப்புக் கணக்குத் திறப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். சேமிப்பு நல்லதே. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் வட்டி என்று பதிவு விழுவதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து எமது நாட்டில் இலாபப் பங்கீட்டு முறைக்கு வழி திறந்திருக்கிறது. வேறு வழியில்லை என்று இன்று சொல்ல இயலாது. வட்டிக்கும் இலாபத்துக்கும் என்ன வேறுபாடு என்று மகள் கேட்டபோது, மழை நாளை நினைவுபடுத்தினோம். "மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நீ எனக்கு 550 தர வேண்டும் என்று முதல் நாளே நாம் சொல்லியிருந்தால்?" என்றோம். அவளுக்கு உடனே விளங்கியது. நட்டத்தை அறியாத பிள்ளைக்கு இதை விளக்குவது மிகக் கடினம்; வகுப்பில் பல ஆண்டுகளாக முயன்று பார்த்தவர்கள் நாம்.

பாடசாலை அதிபரிடம் மூன்று கோரிக்கைகளை வைத்தோம். ஒவ்வொரு கொட்டிலிலும் முதல் எவ்வளவு என்பதைப் பிள்ளையே எழுதித் தொங்கவிட வேண்டும். பெற்றோர் கயிற்றுக்கு அப்பால் வாங்குவோராக மட்டும் நிற்க வேண்டும். அதிக விற்பனைக்குப் பரிசு கொடுப்பதை விட்டு, பொருளின் குறையை வாயால் எடுத்துச் சொல்லி விற்ற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்டார். இரண்டாவதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுவோம் என்றார். மூன்றாவதற்கு, "யார் அப்படிச் சொல்லி விற்பார்கள், மௌலவி?" என்று சிரித்தார்.

இனி, தக்காளி விற்ற மகன். அவனுக்கு நாம் ஒரு ஹதீஸைச் சொன்னோம். சந்தையில் ஒரு தானியக் குவியலுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட அவர்கள், ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் எனக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. மகன் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர், மொத்தம் எட்டுப் பைகள், எல்லாம் அப்படித்தான் கட்டியவை என்றான். மறுநாள் தன் உண்டியலை உடைத்து, பைக்கு 50 ரூபாவாக எடுத்து வந்தான். முதலில் எமக்குத் தந்தான். வாங்கியவர்களில் இன்னும் நால்வரை அவனுக்குத் தெரியும். அவர்கள் வீடுகளுக்குச் சென்றான். இருவர் வாங்கிக்கொண்டனர், இருவர் தலையைத் தடவி அனுப்பிவிட்டனர். மூவர் யாரென்றே தெரியவில்லை. உரியவர் அறியப்படாத பணத்தை அவர் பெயரால் தர்மம் செய்யலாம் என்றோம். பள்ளி உண்டியலில் 150 ரூபாவைப் போட்டான்.

அவனுடைய தாய்க்கு இது பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளையைத் தெருத் தெருவாக அலைய வைத்து எங்களைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டீர்களே என்று மத்ரஸா வாசலில் நின்று வருந்தினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவரை முதலில் சந்தித்துப் பேசியிருக்க வேண்டும் என்பது உண்மை. அவர் இன்னும் எம்முடன் முன்போல் பேசுவதில்லை. மகன் மட்டும் வழக்கம்போல் வருகிறான். சென்ற வாரம், அடுத்த சந்தையில் அடிபட்ட பழங்களை வேறாகக் குவித்துப் பாதி விலை போட்டால் யாராவது வாங்குவார்களா என்று கேட்டான். சம்பல் அரைக்க வாங்குவார்கள், நாமே ஒரு கிலோ எடுப்போம் என்று சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.